டேங்க்ல என்ன கலர்?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒருத்தர் டீசல் வாங்குறார். அதுக்கான வரியை முழுசா கட்டுறார். ரசீதும் பத்திரமா வெச்சிருக்கார். பக்கத்து நாட்டுக்குப் போறார். அங்க ஒரு அதிகாரி டேங்கைத் திறந்து பார்த்துட்டு, "இது வரி கட்டாத டீசல், அபராதம் கட்டுங்க"ன்னு சொல்றார். ரசீதை நீட்டினா, "ரசீது எனக்கு வேண்டாம், கலரைப் பாருங்க"ன்னு பதில் வருது. இப்படி நடக்குமா?

நடந்திருக்கு. இங்கிலாந்திலிருந்து பெல்ஜியத்துக்குச் சொந்தப் படகில் போனவங்களுக்கு நடந்தது. எங்க டீமில் அந்த ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார். பழைய பாய்மரப் படகு ஒண்ணு வெச்சிருக்கார். ஒரு கால் முடியுற நேரத்தில் அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் இந்த எபிசோடுக்கு விதை. அதுக்கப்புறம் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, நாம ஆபீஸில் தினமும் தலையைப் பிச்சுக்கிற ஒரு டிசைன் பிரச்சினையைத்தான் நாடுகள் டீசலில் போட்டுக் கலக்கியிருக்காங்கன்னு தோணுச்சு.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடறேன், இல்லைன்னா கமென்ட்டில் வரும். பாய்மரப் படகுக்கு எதுக்கு டீசல்? காத்து இல்லாதப்போ நகரணும். துறைமுகத்துக்குள்ள நெருக்கமா நிக்கிற படகுகளுக்கு நடுவில் பாயை வெச்சுத் திருப்ப முடியாது. அதனால கிட்டத்தட்ட எல்லாப் பாய்மரப் படகிலும் ஒரு சின்ன டீசல் இன்ஜின் இருக்கும். அதே டேங்கிலிருந்து ஒரு குழாய் பிரிஞ்சு ஹீட்டருக்கும் போகும். அந்த ஊர்க் குளிரில் படகுக்குள்ள ராத்திரி தூங்கணும்னா ஹீட்டர் இல்லாம முடியாது. ஒரே டேங்க், ரெண்டு உபயோகம். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கதையே இதில்தான் சிக்குது.

அடுத்தது கலர். நம்ம ஊர் ரேஷன் கடை மண்ணெண்ணெய் நீலமா இருக்கும், பார்த்திருப்பீங்க. மானிய எண்ணெயை யாராவது டீசலில் கலந்து வித்தா கண்டுபிடிக்கணும்னுதான் அந்தச் சாயம். பிரிட்டனிலும் இதே யோசனைதான், அங்க சிவப்பு. விவசாயம், மீன்பிடிப்பு மாதிரி சில வேலைகளுக்குக் குறைஞ்ச வரியில் டீசல் உண்டு. அதில் சிவப்புச் சாயம் கலந்து விப்பாங்க. பேரே ரெட் டீசல். ரோட்டில் ஓடுற வண்டியின் டேங்கில் சிவப்பு இருந்தா மாட்டினீங்க. அயர்லாந்தில் இதே சமாச்சாரம் பச்சை. பெல்ஜியத்திலும் சிவப்புதான். வீட்டைச் சூடாக்குற எண்ணெய்க்கு அங்க சிவப்புச் சாயம். மக்கள் அதை 'ரோடே மசூட்'னு சொல்லுவாங்க, சிவப்பு எண்ணெய்னு அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியிற இந்தச் சாயத்தை எடுத்துடலாம். அயர்லாந்து எல்லைப் பக்கம் இதை ஒரு தொழிலாவே பண்ணாங்க. டீசலைச் 'சலவை' பண்றதுன்னு பேர். ஆசிட், களிமண் மாதிரி எதையாவது போட்டுச் சாயத்தை உறிஞ்சி எடுத்துட்டு, மிச்சமாகிற விஷச் சகதியை ராத்திரியோட ராத்திரியா ரோட்டோரம் கொட்டிட்டுப் போயிடுவாங்க. அதனால ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பொதுவா இன்னொரு அடையாளப் பொருளையும் 2002-லிருந்து சேர்க்க ஆரம்பிச்சாங்க. பேர் சால்வென்ட் யெல்லோ 124. அப்போதைய விதிப்படி ஒரு லிட்டருக்குக் குறைஞ்சது 6 மில்லிகிராம். டீசலில் அது இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது. ஆசிட் சேர்த்துக் குலுக்கினா சிவப்பாகிக் காட்டிக் கொடுத்துடும்.

சரி, இப்ப வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிபொருள் வரிச் சட்டத்தில் கப்பல் போக்குவரத்துக்கு, மீன்பிடிப் படகுக்கு எல்லாம் விலக்கு உண்டு. பொழுதுபோக்குக்கு ஓட்டுற சொந்தப் படகுக்குக் கிடையாது. ஜாலியா சுத்துறவங்க முழு வரி கட்டட்டும்ங்கிறது அதோட நியாயம். பிரிட்டன் ரொம்ப காலம் தனிச் சலுகை வாங்கி, சொந்தப் படகுக்காரங்களும் குறைஞ்ச வரி ரெட் டீசலையே போட்டுக்கலாம்னு விட்டிருந்தது. அந்தச் சலுகை 2006 டிசம்பர் 31-ஓட முடிஞ்சுபோச்சு.

இப்ப பிரிட்டன் அரசாங்கம் என்ன பண்ணியிருக்கணும்? சாதாரண வெள்ளை டீசலுக்கு மாத்தியிருக்கணும். அங்கதான் நடைமுறைச் சிக்கல். சின்னச் சின்ன மீன்பிடித் துறைமுகங்களில் ஒரே ஒரு டீசல் பங்க்தான் இருக்கும். நிலத்துக்கடியில் ஒரே டேங்க். அதில் பெரும்பகுதி மீனவர்களுக்குப் போகுது. அவங்களுக்குச் சிவப்பு வாங்க உரிமை இருக்கு. வாரக் கடைசியில் வந்து 50 லிட்டர் போட்டுட்டுப் போற ஆளுக்காக இன்னொரு டேங்க் தோண்டி, இன்னொரு பம்ப் வைக்க யாருக்கு மனசு வரும்?

அதனால 2008 நவம்பர் 1-லிருந்து ஒரு வழி கொண்டுவந்தாங்க. டீசல் மாறாது. அதே சிவப்பு, அதே பம்ப். வரி மட்டும் மாறும். பங்கில் ஒரு ஃபார்ம் கொடுப்பாங்க. "இந்த டீசலில் எத்தனை சதவீதம் படகை ஓட்ட, எத்தனை சதவீதம் ஹீட்டர், கரன்ட் மாதிரி வீட்டு உபயோகத்துக்கு?"ன்னு நீங்களே எழுதிக் கொடுக்கணும். ஓட்டுற பங்குக்கு முழு வரி, மிச்சத்துக்குக் குறைஞ்ச வரி. பொதுவா 60-40ன்னு எழுதுறது வழக்கமாச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தாத்தான் இது சரியா புரியும். 2022 மார்ச்சில் வந்த விகிதத்தை எடுத்துக்குவோம். முழு வரி லிட்டருக்கு 52.95 பென்ஸ், ரெட் டீசல் வரி 10.18 பென்ஸ். 100 லிட்டர் போடறீங்க. 60-40ன்னு எழுதினா, 60 லிட்டருக்கு 31 பவுண்ட் 77 பென்ஸ், 40 லிட்டருக்கு 4 பவுண்ட் 7 பென்ஸ். மொத்தம் கிட்டத்தட்ட 35 பவுண்ட் 84 பென்ஸ். துறைமுகத்தில் நிரந்தரமா கட்டிப் போட்டு அதிலேயே குடியிருக்கிறவர் 0-100ன்னு எழுதலாம், 10 பவுண்ட் 18 பென்ஸ்தான். நேர்மையா, "எனக்கு ஹீட்டரே கிடையாது, எல்லாமே ஓட்டத்தான்"னு 100-0 எழுதுறவர் 52 பவுண்ட் 95 பென்ஸ் கட்டணும். ரோட்டில் கார் ஓட்டுறவர் கட்டுற அதே வரி, ஒரு பென்ஸ் குறையாம.

மூணு பேர், மூணு வரி. டேங்கில் மூணு பேருக்கும் ஒரே சிவப்பு.

கோட் எழுதுறவங்களுக்கு இப்ப மணி அடிச்சிருக்கும். அதுவரைக்கும் அந்தச் சாயம் ஒரு ஃப்ளாக். சிவப்புன்னா வரி கட்டல, வெள்ளைன்னா கட்டியாச்சு. ஆம், இல்லைன்னு ரெண்டே மதிப்பு. 2008-ல் அந்த ஃப்ளாகின் அர்த்தத்தை பிரிட்டன் தன்னோட வீட்டுக்குள்ள மாத்திக்கிச்சு. 'சிவப்புன்னா கட்டியிருக்கலாம், கட்டாமலும் இருக்கலாம், ரசீதைப் பார்க்கணும்'னு ஆயிடுச்சு. அதே ஃப்ளாகைப் படிக்கிற மத்த சிஸ்டங்களுக்கு இந்த மாற்றம் போய்ச் சேரல. போய்ச் சேர்ந்தாலும் ஏத்துக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயம் இல்ல. புரொடக்‌ஷனில் இந்த மாதிரி ஒண்ணைப் பண்ணிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் ராம்ஸ்கேட்னு ஒரு துறைமுகம். அங்கிருந்து கிளம்பி ஹாலந்து பக்கம் கால்வாய்களில் சுத்தணும்னா, கரையை ஒட்டிப் போற வழியில் பெல்ஜியம் வந்தே தீரும். நியூபோர்ட், ஆஸ்டெண்ட், ஸேப்ரூகன்னு வரிசையா துறைமுகங்கள். ராத்திரி தங்க, சாப்பிட, காத்து மாறுற வரைக்கும் காத்திருக்க அங்கதான் ஒதுங்குவாங்க. 2008-க்குப் பிறகான வருஷங்களில் பெல்ஜியம் கஸ்டம்ஸ்காரங்க பிரிட்டிஷ் படகுகளின் டேங்கைச் சோதிக்க ஆரம்பிச்சாங்க. சிவப்பு இருந்தா அபராதம், சில நேரம் நூற்றுக்கணக்கான யூரோ. எப்ப சோதிப்பாங்க, எப்ப விட்டுடுவாங்கன்னு யாராலும் சொல்ல முடியல. ராயல் யாட்டிங் அசோசியேஷனும் க்ரூஸிங் அசோசியேஷனும் இதை வெச்சு அரசாங்கத்தோட பேசிக்கிட்டே இருந்தாங்க.

அந்த அதிகாரியின் இடத்தில் நின்னு பாருங்க. அவருக்குத் தெரிஞ்ச சிவப்பு, வீட்டு ஹீட்டர் எண்ணெய். உள்ளூர்க்காரன் ஒருத்தன் அதைப் படகில் ஊத்தினா நிச்சயமா திருட்டு. பக்கத்தில் நிக்கிற வெளிநாட்டுப் படகில் அதே சிவப்பு. அந்த ஆள் நீட்டுற காகிதம் வேற நாட்டுப் பங்க்காரர் எழுதிக் கொடுத்தது. அந்த ரசீதில் இருக்கிற டீசல்தான் இந்த டேங்கில் இருக்குன்னு எப்படி நம்புறது? டீசலில் சீரியல் நம்பர் கிடையாது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் குழம்பித்தான் போவேன்.

"அப்போ ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி வெள்ளை டீசல் போட்டுக்க வேண்டியதுதானே?"ன்னு கேட்பீங்க. நானும் எங்க டீம்காரர்கிட்ட இதைத்தான் கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "கணக்கு உனக்கு வருமே, நீயே போட்டுப் பாரு"ன்னார்.

போட்டேன். 200 லிட்டர் டேங்க்னு வெச்சுக்குவோம். இப்ப முழுக்கச் சிவப்பு. பாதி தீர்ந்ததும் வெள்ளை போட்டு நிரப்புறீங்க, சிவப்பு பாதியாகுது. மறுபடி பாதி தீர்ந்து நிரப்பினா கால் பங்கு. பத்து தடவை இப்படிப் பண்ணா 1024-ல் ஒரு பங்கு மிச்சம். பரவாயில்லையேன்னு தோணும். சின்னப் படகு இன்ஜின் ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர் குடிக்குது, வருஷத்துக்கு 50 மணி நேரம் ஓடுதுன்னு வெச்சா, வருஷத்துக்கு 100 லிட்டர். அதாவது வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை நிரப்புறது. பத்து தடவைன்னா பத்து வருஷம்! காலி பண்ணிக் கழுவலாமேன்னா, படகு டேங்க் நிறைய நேரம் தரைக்கு அடியில், இன்ஜினுக்குப் பின்னாடி, கை நுழையாத இடத்தில் இருக்கும். நடுவில் ஒரு துறைமுகத்தில் வெள்ளை கிடைக்காம இருபது லிட்டர் சிவப்பு ஊத்தினா, கணக்கு மறுபடி முதல்லேருந்து.

சாயம் போட்டதன் நோக்கமே அதுதான், கொஞ்சூண்டு இருந்தாலும் மாட்டணும். ஏமாத்துறவனைப் பிடிக்கிற அதே கூர்மை, ஏமாத்தாதவனையும் சேர்த்துப் பிடிக்குது. அதில் எனக்கு உறுத்துற விஷயம், அந்த 100-0 எழுதின ஆள். ரெண்டு நாட்டுச் சட்டமும் அவரிடம் என்ன எதிர்பார்க்குதோ அதை அவர் செஞ்சுட்டார், ஓட்டுற டீசலுக்கு முழு வரி. அவருக்கும், குறைஞ்ச வரி மட்டும் கட்டி வயலுக்குன்னு வாங்கின டீசலை ஊத்திக்கிட்டு வந்தவனுக்கும், அந்தச் சோதனைக் குழாயில் வித்தியாசமே தெரியாது.

கடைசியில் ஐரோப்பியக் கமிஷன் பிரிட்டன் மேல கேஸ் போட்டது. பணத்தைப் பத்தி இல்ல, அடையாளத்தைப் பத்தி. 1995-ல் வந்த அடையாளச் சாயச் சட்டத்தின்படி, முழு வரி கட்ட வேண்டிய உபயோகத்துக்குச் சாயம் போட்ட எண்ணெயை அனுமதிக்கவே கூடாது. வரியை வேற வழியில் வாங்கிட்டோம்ங்கிறது பதில் ஆகாது. பிரிட்டன் தரப்பில் சின்னத் துறைமுகம், ரெண்டு டேங்க் செலவுன்னு நடைமுறைக் கஷ்டத்தை எல்லாம் சொன்னாங்க. 2018 அக்டோபர் 17-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: பிரிட்டன் செஞ்சது தப்பு. அதே நாளில் அயர்லாந்துக்கும் அதே மாதிரி தீர்ப்பு.

சட்டமா பார்த்தா அந்தத் தீர்ப்பு சரின்னுதான் நினைக்கிறேன். ஒரு அடையாளத்துக்கு 28 நாடு சேர்ந்து ஒரு அர்த்தம் கொடுத்திருக்கு. ஒருத்தர் மட்டும் வேற அர்த்தத்தில் பயன்படுத்தினா அந்த அடையாளமே செல்லாக்காசு ஆயிடும். ஆனா அந்தப் பத்து வருஷமும் யார் கையிலிருந்து அபராதம் போச்சு? டேங்க் கட்டாத துறைமுகமோ, ஃபார்ம் அச்சடிச்ச அரசாங்கமோ ஒரு யூரோ கூடக் கட்டல. பங்கில் கொடுத்த ஒரே டீசலை வாங்கி, கொடுத்த ஃபார்மை நிரப்பி, கேட்ட வரியைக் கட்டின ஆள்தான் கட்டினார்.

அயர்லாந்து கதையைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும், டிசைன் பாடமா எடுத்துக்கலாம். அங்கயும் படகுக்காரங்க சாயம் போட்ட டீசலை வாங்கிக்கலாம், வித்தியாச வரியைப் பின்னாடி கட்டணும். பிரிட்டனில் ஃபார்ம் பங்கிலேயே, காசு கொடுக்கிற நேரத்தில். அயர்லாந்தில் அடுத்த வருஷம் நீங்களா ஞாபகம் வெச்சு, போன வருஷம் எத்தனை லிட்டர் போட்டீங்கன்னு கணக்கெடுத்து, வரித்துறைக்கு அனுப்பணும். எத்தனை பேர் அனுப்பியிருப்பாங்க? மிகச் சிலர்தான். மக்கள் குணம் ரெண்டு தீவிலும் ஒண்ணுதான், பட்டன் வெச்ச இடம்தான் வேற. அயர்லாந்து தீர்ப்புக்கப்புறம் அடங்கிடுச்சு. 2020 ஜனவரியிலிருந்து சொந்தப் படகை ஓட்ட வெள்ளை டீசல்தான்.

பிரிட்டன் என்ன பண்ணுச்சு? ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டே வெளியே வந்துடுச்சு. இதுக்காக இல்லைங்க, அது வேற பெரிய கதை. ஆனா படகுக்காரங்களுக்கு விளைவு விசித்திரமா வந்தது. 2022 ஏப்ரலில் பிரிட்டன் ரெட் டீசல் சலுகையைப் பல துறைகளிடமிருந்து பறிச்சது. கட்டுமான இயந்திரங்கள் உட்பட பலருக்குச் சிவப்பு போச்சு. சொந்தப் படகுக்காரங்களுக்கு மட்டும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் அதே சிவப்பு, அதே ஃபார்ம் தொடருது. வட அயர்லாந்து பிரெக்ஸிட் ஏற்பாட்டின்படி இந்த விஷயத்தில் ஐரோப்பியச் சட்டத்துக்குள்ளயே இருக்கு. அதனால அங்க 2021-லேயே படகை ஓட்டச் சிவப்பு கூடாதுன்னு ஆயிடுச்சு. ஒரே நாடு, ஒரே வரித்துறை. நடுவில் ஒரு கடல் தாண்டினா டேங்கில் இருக்கிற அதே டீசலுக்கு வேற சட்டம்.

அப்போ இன்னைக்கு பெல்ஜியம் போற பிரிட்டிஷ் படகின் நிலைமை? வெளியே வந்ததில் ஒரு எதிர்பாராத லாபம் கிடைச்சிருக்கு. 1990-ல் இஸ்தான்புல்லில் போட்ட ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு. தற்காலிகமா உள்ளே வர்ற வண்டி, படகு, விமானத்துக்கு வரி இல்லாம அனுமதி கொடுக்கிறது பத்தினது. அதன்படி, வண்டியின் வழக்கமான டேங்கில் இருக்கிற எரிபொருளுக்கு வரியும் கிடையாது, தடையும் கிடையாது. பிரிட்டிஷ் படகுகள் இப்ப ஐரோப்பாவுக்கு 'வெளிநாட்டு' படகு. அதனால இந்தப் பாதுகாப்பு எங்களுக்கு இருக்குங்கிறது ராயல் யாட்டிங் அசோசியேஷனின் வாதம். உள்ளே இருந்தப்போ கிடைக்காத பாதுகாப்பு, வெளியாள் ஆனதும்!

ஆனா 'வழக்கமான டேங்க்'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. கேனில் எடுத்துட்டுப் போற டீசல் அதில் வராது. எங்க டீம்காரர் இப்பவும் மூணு விஷயத்தை விடாம பண்றார். கேனில் சிவப்பு எடுத்துட்டுப் போகவே மாட்டார். டீசல் ரசீதை எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு லாக் புக்கிலேயே வெச்சிருப்பார். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு அன்னன்னைக்கு எழுதிடுவார், வாங்கின லிட்டரும் ஓடின நேரமும் ஒத்துப்போகணும்னு. வெளிநாட்டில் நிரப்பினா அந்த நாட்டு ரசீதும் சேரும். போன வருஷம் நியூபோர்ட்டில் ரெண்டு ராத்திரி நின்னாராம். யாரும் டேங்கைத் திறக்கச் சொல்லல. சட்டம் மாறினதாலயா, அதிகாரி வேற வேலையில் இருந்ததாலயான்னு கேட்டேன். "அதைக் கேட்கிறதுக்காக நான் கஸ்டம்ஸ் ஆபீஸ் கதவைத் தட்டப் போறதில்ல"ன்னார்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. இதே மாதிரி, ஒரே அடையாளத்தை ரெண்டு சிஸ்டம் ரெண்டு விதமா படிச்சு நடுவில் நீங்க மாட்டின அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லதா நாலைஞ்சு சேர்ந்தா ஒரு எபிசோடாவே போட்டுடலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.